ஒற்றைத் தலைவலி: மாத்திரையைத் தேடுமுன் நாட்களை எண்ணுவோம்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். காய்ச்சலையாவது தொட்டுப் பார்த்து அறியலாம். தலைவலிக்கு அந்தச் சாட்சியும் இல்லை. அதிலும் மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி வந்தவரின் நிலை இன்னும் பரிதாபமானது. கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, குக்கர் விசில் சத்தத்தைக்கூடத் தாங்க முடியாமல் ஒருவர் உள்ளே படுத்திருப்பார். வெளியே, "காலையில் நன்றாகத்தானே இருந்தாள்" என்று பேச்சு நடக்கும். மறுநாள் அவர் எழுந்து வழக்கம்போல் வேலை பார்ப்பார். அதுவே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

இந்த நோயை நம் வீடுகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் எதிர்கொள்கின்றன. ஒன்று, பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது. மற்றொன்று, மருந்துக்கடையில் "தலைவலி மாத்திரை" என்று கேட்டு வாங்கி விழுங்குவது. இரண்டுமே சிகிச்சை ஆகா. இரண்டாவது வழி, அளவு கடந்தால், நோயையே வளர்த்துவிடும். ஒற்றைத் தலைவலிக்கு மருந்து தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி "எந்த மாத்திரை நல்லது?" என்பதன்று, "மாதத்தில் எத்தனை நாட்கள் வலிக்கிறது, எத்தனை நாட்கள் மாத்திரை போடுகிறோம்?" என்பதே. இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் மருத்துவரின் வேலையும் எளிதாகும், நோயாளியின் வழியும் தெளிவாகும். இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

பாசாங்குமன்று, பலவீனமுமன்று

அரபியில் இந்த வலிக்கு 'ஷகீகா' என்று பெயர்; தலையின் ஒரு பாதியைப் பிடிக்கும் வலி என்பது பொருள். நபி (ஸல்) அவர்கள் இஹ்ராம் அணிந்திருந்த நிலையில், தமக்கு ஏற்பட்ட ஒற்றைத் தலைவலிக்காகத் தலையில் ஹிஜாமா செய்துகொண்டார்கள் என்ற செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. வணக்கத்தில் ஈடுபட்டிருந்த வேளையிலும் அவர்கள் வலிக்குச் சிகிச்சை நாடினார்கள் என்பதை நாம் கவனிக்கவேண்டும். இதை அறிந்த பிறகும், தலைவலி என்று படுக்கும் மருமகளைப் பார்த்து "பொறுமை இல்லை" என்று சொல்வதற்கு மார்க்கத்தில் இடம் தேடக்கூடாது. ஹிஜாமா செய்துகொள்ள விரும்புவோர் செய்துகொள்ளட்டும். அதைக் காரணமாக வைத்து மருத்துவரிடம் போவதைத் தடுப்பது மட்டும் சரியன்று.

உலக நோய்ச்சுமை ஆய்வின் 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி, மனிதரை முடக்கிப்போடும் காரணங்களின் வரிசையில் ஒற்றைத் தலைவலி இரண்டாம் இடத்தில் இருக்கிறது. 15 முதல் 49 வயது வரையிலான பெண்களிடையே அதுவே முதலிடம். உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் உண்டு. ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. படிக்கும் வயதிலும், பிள்ளை வளர்க்கும் வயதிலும், வேலைக்குப் போகும் வயதிலும்தான் இது கடுமையாக இருக்கிறது. ஆகவே இது ஒரு குடும்பத்தின் பிரச்சினை; ஒருவருடைய தலையோடு முடிவதன்று.

முதலில் இது எந்தத் தலைவலி?

நம் ஊர்களில் ஒற்றைத் தலைவலிக்குப் பல தவறான பெயர்கள் உண்டு. சிலர் பித்தம் என்பர். சிலர் சைனஸ் என்பர். சிலர் கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்று வருடக்கணக்கில் கண்ணாடி மாற்றிக்கொண்டிருப்பர். மருத்துவர்கள் இதை அடையாளம் காணும் முறை எளிது. சிகிச்சை இல்லாவிட்டால் வலி 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கமாக, நாடி துடிப்பதுபோல் தெறிக்கும். மாடிப்படி ஏறினாலே கூடும். கூடவே குமட்டலோ வாந்தியோ இருக்கும். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. இரு பக்கமும் வலித்தாலும் இது மைக்ரேனாக இருக்கலாம். சிலருக்கு வலி வருமுன் கண் முன்னே வளைந்து நெளியும் ஒளிக்கோடுகள் தோன்றி ஒரு மணி நேரத்துக்குள் மறையும். இதை 'ஆரா' என்பர். ஆரா உண்டா இல்லையா என்பது மருந்துத் தேர்வில் முக்கியம். அதைப் பின்னர் பார்ப்போம்.

சில தலைவலிகள் ஒற்றைத் தலைவலி அல்ல. அவற்றுக்கு மாத்திரை தேடி நேரத்தைக் கழிக்கக்கூடாது. இடி விழுந்ததுபோல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டும் தலைவலி, கை கால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ சேர்ந்தது, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தது, தலையில் அடிபட்ட பின் வருவது, 50 வயதுக்குப் பிறகு முதன்முறையாக வருவது, கர்ப்பிணிக்குப் புதிதாக வருவது ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மழைக்காலத்தில் காய்ச்சலோடு தலைவலி என்றால் டெங்குவாகவும் இருக்கலாம். அப்போது ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை இரத்தக்கசிவை அதிகரிக்கும். அவற்றைத் தொடவே கூடாது.

இரண்டு வேலைகள், இரண்டு வகை மருந்துகள்

வந்த வலியை நிறுத்தும் மருந்து ஒரு வகை. வலி அடிக்கடி வராமல் காக்கும் மருந்து வேறொரு வகை. முதலாவது, வலி வரும் நாளில் மட்டும் போடவேண்டியது. இரண்டாவது, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சில மாதங்கள் நாள்தோறும் உட்கொள்ளவேண்டியது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல சிகிச்சைகள் தோற்கின்றன. தடுப்பு மாத்திரையை வலி வந்த அன்று மட்டும் போட்டுவிட்டு "கேட்கவில்லை" என்பவர்கள் உண்டு. வலி நிவாரணியைத் தடுப்பு மருந்துபோல் தினமும் போட்டு, வலியை நிரந்தரமாக்கிக்கொள்பவர்களும் உண்டு.

வந்த வலியை நிறுத்துவதற்கு முதல் படியில் நிற்பவை நாம் அறிந்த எளிய மருந்துகளே. இபுபுரூஃபன், நாப்ராக்சன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின், பாராசிட்டமால் ஆகியவற்றில் ஒன்றைப் போதிய அளவில், சரியான நேரத்தில் போட்டாலே பலருக்கு வலி அடங்குகிறது. போதிய அளவு என்பது கவனிக்கத்தக்கது. வளர்ந்தவருக்கு மைக்ரேனில் பாராசிட்டமால் 1000 மி.கி., இபுபுரூஃபன் 400 மி.கி., ஆஸ்பிரின் 900 மி.கி. என்ற அளவுகளே ஆய்வுகளில் பலன் காட்டியவை. பாதி மாத்திரையை உடைத்துப் போட்டுவிட்டு மருந்தின் மீது பழி சொல்வதில் பயனில்லை. அதே வேளை வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வகை ஏற்றதன்று. ஈரல் நோய் உள்ளவர்களும் மெலிந்தவர்களும் பாராசிட்டமாலின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். 16 வயதுக்குட்பட்டோருக்கு ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது.

சரியான நேரம் என்பது அதைவிட முக்கியம். மைக்ரேன் வரும்போது இரைப்பையின் இயக்கமும் மந்தமாகிவிடுகிறது. முற்றிய பின் விழுங்கிய மாத்திரை வயிற்றிலேயே கிடக்கும், அல்லது வாந்தியோடு வெளியே வந்துவிடும். "முடிந்தவரை பார்ப்போம், முடியாவிட்டால் போடுவோம்" என்று மூன்று மணி நேரம் காத்திருப்பவருக்கு அந்த மாத்திரை வேலை செய்யாமல் போவதன் காரணம் இதுதான். வலி இலேசாகத் தொடங்கும்போதே போடவேண்டும். குமட்டல் அதிகமுள்ளவர்களுக்கு டொம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு போன்ற வாந்தி நிறுத்தும் மருந்தையும் மருத்துவர் சேர்த்துத் தருவார். அது வாந்தியைத் தடுப்பதோடு, வலி மாத்திரை உடலில் சேரவும் உதவுகிறது.

இவற்றுக்கு அடங்காத வலிக்கு டிரிப்டான் வகை மருந்துகள் இருக்கின்றன. இவ்வகையில் முதலாவதான சுமட்ரிப்டான் 1990களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது. ரிசாட்ரிப்டான் அதன் உறவு. வலிக்குக் காரணமான முக்கிளை நரம்பின் முனைகளிலிருந்து வெளியாகும் இரசாயனத் தூதுகளை இவை அடக்குகின்றன, மைக்ரேனுக்காகவே உருவாக்கப்பட்டவை. ஒரு டிரிப்டான் கேட்காதவருக்கு மற்றொன்று கேட்கலாம். எதையும் இரண்டு மூன்று முறை பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்லவேண்டும். மாத்திரை தங்காதவர்களுக்கு மூக்கில் தெளிக்கும் மருந்தும் ஊசியும் உண்டு. ஆனால் இவை இரத்தக்குழாய்களைச் சுருக்கும். ஆகவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், நெஞ்சுவலி உள்ளவர்கள், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இவற்றைப் போடக்கூடாது. பக்கத்து வீட்டாரிடம் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்க்கும் வழக்கம் இங்கே உயிருக்கே ஆபத்தாகலாம்.

நம் மருந்துக்கடைகளில் எர்கோட்டமின், காஃபின், பாராசிட்டமால் முதலியன ஒன்றாகச் சேர்ந்த கூட்டு மாத்திரைகளும் கிடைக்கின்றன. பழைய மருந்து, பலருக்கு உடனே கேட்கும், அதனாலேயே கைவிட முடியாத பழக்கமாகிவிடுகிறது. இதுவும் இரத்தக்குழாய்களைச் சுருக்கும். கர்ப்பிணிகளுக்குத் தரவே கூடாது. டிரிப்டான் போட்ட 24 மணி நேரத்துக்குள் இதைச் சேர்த்துப் போடக்கூடாது. சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்கும் மருந்தாக இது இருப்பதை நாம் ஏற்கவில்லை.

மருந்தே கொண்டுவரும் தலைவலி

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். டிரிப்டான், எர்கோட்டமின், கூட்டு மாத்திரைகள் ஆகியவற்றை மாதத்தில் 10 நாட்களோ அதற்கு மேலோ, பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற தனி வலி நிவாரணிகளை 15 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கும் அதிகமாகப் போட்டுவருபவருக்கு, அந்த மருந்துகளே புதிய தலைவலியை உண்டாக்கலாம். சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டில் இதற்குத் தனி இடமே உண்டு. மாதம் நான்கு நாள் வந்த வலி பத்து நாளாகும். பத்து நாள் இருபதாகும். வலி கூடியதென்று மாத்திரை கூடும்; மாத்திரை கூடியதால் வலி கூடும். நோயாளிக்கோ, "இது இல்லாவிட்டால் நான் இல்லை" என்ற எண்ணம் வலுக்கும்.

தைலத்தோடு மாத்திரை அட்டையும் தலையணைக்கடியில் இருக்கும் வீடுகள் நம்மில் எத்தனை? அவர்களில் பலர் இந்தச் சுழலில் சிக்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு அதைச் சொன்னவர் இல்லை. இதற்கான சிகிச்சை, அதிகம் போட்ட அந்த மருந்தை மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துவதுதான். முதல் ஒன்றிரண்டு வாரங்கள் வலி இன்னும் கூடும். அந்த வாரங்களில்தான் வீட்டாரின் துணை மிகவும் தேவை. சமையலைக் கணவர் பார்த்துக்கொள்வதும், பிள்ளைகளைப் பாட்டி பார்த்துக்கொள்வதும் அப்போது மருந்துக்குச் சமம். அந்த இடத்தைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு வலி நாட்கள் குறைகின்றன.

நடைமுறைக்கு எளிதான எல்லை ஒன்று உண்டு: வலி நிவாரணி போடும் நாட்கள் வாரத்துக்கு இரண்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால், இன்னும் வலுவான வலி மாத்திரையைத் தேடாமல் தடுப்பு மருந்தைப் பற்றிக் கேட்கவேண்டும்.

தடுப்பு மருந்து: ஆளுக்கேற்ற தேர்வு

மாதத்தில் நான்கு நாட்களோ அதற்கு மேலோ வலி வருபவர்களும், குறைவாக வந்தாலும் வந்தால் முடங்கிப்போகிறவர்களும் தடுப்பு மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேசவேண்டியவர்கள். இம்மருந்துகளில் பல மைக்ரேனுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. புரோப்ரனலால் இதயத்துக்காக வந்த மருந்து. 1960களில் நெஞ்சுவலிக்காக அதை உட்கொண்டவர்களுக்கு மைக்ரேனும் குறைந்ததைக் கண்டே அதன் இந்தப் பயன் தெரியவந்தது. இன்று உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மைக்ரேன் தடுப்புக்கான மருந்தாக அது இடம்பெற்றிருக்கிறது. விலையும் குறைவு.

எல்லாருக்கும் பொதுவான சிறந்த தடுப்பு மருந்து என்று ஒன்று இல்லை. நோயாளியின் உடலில் வேறு என்ன இருக்கிறது என்பதே தேர்வைத் தீர்மானிக்கிறது. படபடப்போ இரத்த அழுத்தமோ உள்ளவருக்குப் புரோப்ரனலால் பொருந்தும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆகவே ஆகாது. இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை அது மறைத்துவிடும் என்பதால் எச்சரிக்கை வேண்டும். தூக்கம் கெட்டவருக்கு இரவில் 10 மி.கி. அளவில் தொடங்கும் அமிட்ரிப்டிலின் உதவும். வாய் உலர்வு, மலச்சிக்கல், எடை கூடுதல் ஆகியவற்றை எதிர்பார்க்கவேண்டும். உடல் பருத்தவருக்கு டோபிரமேட் எடையைக் குறைக்கவும் செய்யும். விரல்களில் ஊர்வதுபோன்ற உணர்வும், பேசும்போது சொல் கிடைக்காமல் தடுமாறுவதும் வரலாம். சிறுநீரகக் கல் வந்தவருக்கு ஏற்றதன்று. நம் நாட்டில் மிகுதியாக எழுதித்தரப்படும் ஃபுளூனரிசின் இரவில் போடும் மருந்து, எடையைக் கூட்டும், மனச்சோர்வு உள்ளவருக்கும், கை நடுக்க நோய் உள்ள முதியவருக்கும் தவிர்க்கவேண்டியது. இரத்த அழுத்தத்துக்கான காண்டிசார்டனும் மைக்ரேனைத் தடுக்கிறது; கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

ஆகவே மருத்துவரிடம் போகும்போது வலியை மட்டும் சொல்லிவிட்டு வருவது போதாது. வீசிங் உண்டா, சிறுநீரகக் கல் வந்ததா, தூக்கம் எப்படி, மனம் எப்படி, எடை எவ்வளவு, வேறு என்ன மாத்திரைகள், குழந்தைக்கு முயல்கிறோமா என்பவற்றை அவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லவேண்டும். இந்த விவரங்கள்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்கின்றன.

தடுப்பு மருந்து குறைந்த அளவில் தொடங்கி மெல்ல உயர்த்தப்படும். சரியான அளவை எட்டிய பிறகும் பலன் தெரிய இரண்டு மாதங்கள் ஆகலாம். ஒரு வாரம் போட்டுவிட்டு நிறுத்துவதற்கு, தொடங்காமலே இருந்திருக்கலாம். எதிர்பார்ப்பும் அளவாக இருக்கவேண்டும்: வலி அடியோடு மறைவது சிலருக்கே, வலி நாட்கள் பாதியாகக் குறைந்தால் அது வெற்றி. மாதம் பத்து நாள் படுத்தவர் ஐந்து நாள் மட்டும் படுத்தால், ஆண்டில் அறுபது நாட்கள் அவருக்குத் திரும்பக் கிடைக்கின்றன. நோய் அடங்கிய நிலை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நீடித்தால், மருந்தை மெல்லக் குறைத்துப் பார்க்கலாம். "தொடங்கினால் ஆயுள் முழுதும் போடவேண்டும்" என்ற அச்சம் தேவையற்றது.

இவற்றுக்கும் கேட்காதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. மாதத்தில் பாதி நாட்களுக்கு மேல் வலிப்பவர்களுக்கு 12 வாரங்களுக்கு ஒருமுறை போடும் போடாக்ஸ் ஊசி இருக்கிறது. 2018 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுவந்த சி.ஜி.ஆர்.பி. எதிர்ப்பு ஊசிகள், மைக்ரேனின் மூலத்தையே குறிவைப்பவை. பலன் நன்று, விலைதான் நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாதது. ஆனால் பழைய, மலிவான மருந்துகளை முறையாகப் பயன்படுத்திப் பார்க்காமலே "நமக்கு வழியில்லை" என்று ஏங்கவேண்டியதில்லை.

"இது வலிப்பு மாத்திரையாமே?"

தடுப்பு மருந்துகள் பாதியில் நிறுத்தப்படுவதற்குப் பக்கவிளைவு மட்டும் காரணமன்று. பெயரும் ஒரு காரணம். சீட்டை எடுத்துக்கொண்டு இணையத்தில் தேடுகிறோம். டோபிரமேட் என்றால் வலிப்பு நோய் மருந்து என்று வருகிறது. அமிட்ரிப்டிலின் என்றால் மனச்சோர்வு மருந்து என்று வருகிறது. அவ்வளவுதான், "என் பிள்ளைக்கு மனநோயா?" என்ற கலக்கம் வீட்டைப் பிடித்துக்கொள்கிறது. மணம் பேசும் வயதில் பெண் இருந்தால் கேட்கவே வேண்டாம், மாத்திரை அட்டை அலமாரியில் ஒளிந்துகொள்ளும், பிறகு நின்றுபோகும்.

ஒரு மருந்து பல நோய்களுக்குப் பயன்படுவது மருத்துவத்தில் அன்றாட நிகழ்வு. ஆஸ்பிரின் தலைவலிக்கும் உண்டு, இதயத்துக்கும் உண்டு. அதைப் போடுபவரை யாரும் இதய நோயாளி என்று முத்திரை குத்துவதில்லை. மைக்ரேனுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் அளவு, மனச்சோர்வுக்குத் தரும் அளவைவிடப் பொதுவாக மிகக் குறைவு. தவிர, மனச்சோர்வும் வலிப்பும்கூட வெட்கப்படவேண்டிய நோய்கள் அல்ல. இந்த வெட்கத்தால் ஒரு பெண் மாதம் பத்து நாட்கள் இருட்டறையில் கிடப்பதை விட்டுவிடுவதுதான் வெட்கத்துக்குரியது என்பது நமது கருத்து.

பெண்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியவை

வால்புரோயேட் என்ற மருந்தும் மைக்ரேனைத் தடுக்கும். ஆனால் கருவிலிருக்கும் குழந்தைக்கு அது பெரும் தீங்கு செய்யும். முதுகுத்தண்டுக் குறைபாடு முதலிய பிறவிக் குறைகளோடு, குழந்தையின் அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். கருத்தரிக்கக்கூடிய வயதிலுள்ள பெண்களுக்கு மைக்ரேனுக்காக அதைத் தரக்கூடாது. டோபிரமேட்டும் கருவுக்கு நல்லதன்று; அதோடு கருத்தடை மாத்திரையின் வேலையையும் அது குறைக்கலாம். புதிதாக மணமான பெண்ணின் கையில் சீட்டைக் கொடுக்கும்போது, "இது குழந்தைக்குப் பாதுகாப்பா?" என்ற கேள்வி மாமியாரிடமிருந்தாவது கணவரிடமிருந்தாவது வரவேண்டும். கர்ப்ப காலத்தில் வலி நிறுத்தப் பாராசிட்டமாலே முதல் தேர்வு. இபுபுரூஃபன் வகை, குறிப்பாகக் கர்ப்பத்தின் பிற்பாதியில், தவிர்க்கவேண்டியது. பல பெண்களுக்குக் கர்ப்பம் முன்னேற முன்னேற மைக்ரேன் தானே குறைவது ஓர் ஆறுதல்.

இன்னொன்று நம் சமூகப் பெண்கள் அவசியம் அறியவேண்டியது. ஹஜ், உம்ரா பயணத்திலும் ரமழானிலும் மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை கேட்டு வாங்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஆராவோடு கூடிய மைக்ரேன் உள்ள பெண்களுக்குப் பக்கவாத அபாயம் சற்றே அதிகம். ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரைகள் அதை மேலும் கூட்டும். கண்முன் ஒளிக்கோடுகள் தோன்றும் தலைவலி உள்ளவர், அதை மகப்பேறு மருத்துவரிடம் முதலில் சொல்லவேண்டும். பயணத்துக்கு முதல் நாள் கடையில் நேரே வாங்கிப் போடும் மாத்திரை அன்று இது.

ரமழானுக்குமுன் செய்யவேண்டிய ஏற்பாடு

மைக்ரேன் உள்ளவர்களுக்கு நோன்பு மாதம் கடினமானது. பசி, நீர்க்குறைவு, தூக்க மாற்றம், தேநீர் நின்றுபோவது ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் வருகின்றன. நான்குமே வலியைத் தூண்டக்கூடியவை. 2010இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 32 மைக்ரேன் நோயாளிகளுக்கு ரமழானில் சராசரியாக 9.4 நாட்கள் வலி வந்தது. நோன்பில்லாத மாதத்தில் அது 3.7 நாட்களாக இருந்தது. மாதம் நான்கு நாள் என்ற எல்லைக்குள் இருந்தவர்கள்கூட அந்த ஒரு மாதத்தில் அதைத் தாண்டிவிடுகிறார்கள் என்பது இதன் பொருள்.

எனவே ஏற்பாடு ஷஅபானிலேயே தொடங்கவேண்டும். தேநீரையும் காபியையும் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளலாம். மருத்துவரிடம் சென்று தடுப்பு மருந்தின் நேரத்தை மாற்றிக் கேட்கலாம். இரவு மாத்திரைக்கு மாற்றம் தேவையில்லை. நாளுக்கு இரண்டு மூன்று வேளை போடும் மருந்துக்குப் பதில், ஒருவேளை போட்டால் நாள் முழுதும் வேலை செய்யும் வகை கிடைக்கும். டோபிரமேட் போடுபவர் போதிய தண்ணீர் குடிக்கவேண்டியவர் என்பதால், அவர் இதை அவசியம் கேட்கவேண்டும். சஹர் உணவைத் தவிர்க்கக்கூடாது. இஃப்தாருக்கும் சஹருக்கும் இடையே தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடித்துவரவேண்டும்.

பகலில் கடும் வலி வந்துவிட்டால்? நோயாளிக்கு நோன்பை விட்டு, பிறகு வேறு நாட்களில் நோற்கும் சலுகையைக் குர்ஆனே தந்திருக்கிறது. தானாக வரும் வாந்தி நோன்பை முறிக்காது என்பதும் நாம் அறிந்ததே. ஊட்டச்சத்து அல்லாத ஊசி நோன்பை முறிக்காது என்பது இக்கால அறிஞர் பலரின் கருத்து. மூக்கில் தெளிக்கும் மருந்து பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. இவற்றைத் தம் ஊர் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நன்று. வலியில் துடிக்கும்போது சட்டம் விசாரிக்க முடியாது. கொடுக்கப்பட்ட சலுகையை ஏற்பவரை வீட்டில் யாரும் ஏளனமாகப் பார்க்கக்கூடாது.

ஒரு நாட்காட்டி போதும்

இவ்வளவும் சொன்ன பிறகு நாம் கேட்டுக்கொள்வது சிறிய காரியம். சமையலறையில் தொங்கும் நாட்காட்டியில், வலி வந்த நாளுக்கு ஒரு கோடு இடுங்கள். மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு வட்டம் இட்டு, அதன் பெயரையும் எழுதுங்கள். மாதவிடாய் நாட்களையும் குறியுங்கள். இரண்டு மாதங்கள் கழித்து அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். கோடுகள் நான்கைத் தாண்டினால் தடுப்பு மருந்தைப் பற்றிக் கேளுங்கள். வட்டங்கள் பத்தை நெருங்கினால், இன்னொரு வலி மாத்திரை கேட்காதீர்கள். எதை நிறுத்தவேண்டும் என்று கேளுங்கள்.

குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த நாட்காட்டியை நீங்களும் பாருங்கள். உங்கள் மனைவியோ மகளோ தாயோ மாதத்தில் எத்தனை நாட்கள் வலியோடு உங்களுக்குச் சோறு சமைத்தார்கள் என்பது அதில் தெரியும். மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் செலவையும் நேரத்தையும் கணக்குப் பார்க்கத் தோன்றும்போது, அந்தக் கோடுகளையும் எண்ணிப் பாருங்கள். மருந்து தேடுவது நம் கடமை. குணம் தருபவன் அல்லாஹ்.